ஒன்று மட்டும் நிற்கிறது

பத்து இருபத்திரண்டுக்கு அந்த வரி வந்தது. அனுப்புநர் பூங்கோதை, மண் ஆய்வுக்கூடம். பெறுநர் சென்னைத் தலைமையகம், இடமாறுதல் பிரிவு. அளவு இருநூற்றுப் பன்னிரண்டு கேபி. லாகில், அதாவது வருகிற போகிற மெயிலையெல்லாம் சர்வர் குறித்துவைக்கிற பதிவில், நிமிஷத்துக்கு நூறு வரி ஓடும், அந்த நேரம் பார்த்து டீ டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்திருந்தால் அது மேலே ஏறி மறைந்திருக்கும், ஆனால் சில பெயர்கள் கண்ணை இழுத்துப் பிடித்துவிடுகின்றன, ரேஷன் கார்டில் என் பெயருக்குக் கீழே இருக்கிற பெயர் அது. என் மனைவி இடமாறுதல் கேட்கிறாள். மூன்று வாரம் முன்னால் அந்தச் சுற்றறிக்கையை நான்தான் எல்லாருக்கும் அனுப்பினேன், நானூற்று முப்பது பேருக்கு, விருப்ப இடமாறுதல், காலியிடம் இரண்டு, ஒன்று கோவில்பட்டி, இன்னொன்று மலைமேல் தேவாலா, விண்ணப்பம் மே பதினாறு மாலை நான்கு மணிக்குள் வந்து சேர வேண்டும். இன்றைக்கு மே பதினாறு. அந்த நானூற்று முப்பது பேரில் அவளும் ஒருத்தி என்று அனுப்பும்போது தோன்றவில்லை. காலையில் ஒரே ஸ்கூட்டரில்தான் வந்தோம். பால்பண்ணை சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து “கேஸ் புக் பண்ணணும்” என்றாள், “சரி” என்றேன். அவள் மடியில் இருந்த பையில் அந்தப் படிவம் இருந்திருக்கும், கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்ய எடுத்து வந்த படிவம், என் முதுகுக்கும் அவள் வயிற்றுக்கும் நடுவில் எட்டு கிலோமீட்டர் வந்திருக்கிறது. வீட்டிலேயே கையெழுத்துப் போட்டாளா, இங்கே வந்து போட்டாளா. எந்தப் பேனா. எதற்கு இப்போது பேனாவைப் பற்றி நினைக்கிறேன்.

மெயில் சர்வர் என்றால் ஒரு பெட்டி, இந்தப் பக்கம் போட்டால் அந்தப் பக்கம் போகும் என்று இந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்களே நினைக்கிறார்கள். பின்னணியில் இருபது முப்பது புராசஸ் ஓடிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. ஒன்று கடிதத்தை வாங்கும், ஒன்று முகவரியைச் சரிபார்க்கும், ஒன்று வரிசையில் வைக்கும், இன்னொன்று வரிசையிலிருந்து எடுத்துப் போய் எதிர்ப்பக்கத்துச் சர்வரைத் தட்டும், திறக்காவிட்டால் ஐந்து நிமிஷம் கழித்து, பத்து நிமிஷம் கழித்து, மறுபடி தட்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தாய் புராசஸ். அது தன் கையால் எந்த வேலையும் செய்யாது, குழந்தைகளை உண்டாக்கும், ஒன்று செத்தால் வேறொன்றை உண்டாக்கும். தாய், குழந்தை, அநாதை, இதெல்லாம் நான் வைத்த பெயர் இல்லை, தொழிலில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கல்யாணமான புதிதில் கோதை இந்த அறைக்கு வந்து, ஏசி குளிருக்குப் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, நான் இதையெல்லாம் விளக்குவதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். “ஒண்ணு செத்தா உடனே வேற ஒண்ணா?” என்று கேட்டுச் சிரித்தாள் ஒரு தடவை. அப்புறம் ஒரு வருஷம் அவள் வயிற்றில் இருந்தது ஐந்தாம் மாசத்தில் தங்காமல் போனது. அன்றைக்கு நான் இந்த அறையில்தான் இருந்தேன், பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தேன், அவள் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார், “ரெண்டு மணி நேரத்துல வந்துடறேங்க, பாதியில விட முடியாது” என்றேன். பாதியில் விட்டிருக்கலாம். இதை யாரிடமும் சொன்னதில்லை. பழைய சர்வர் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஒரு கடிதம்கூட நின்றிருக்காது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். “வலிக்குதா?” என்று கேட்டேன். “இல்ல” என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. ஒன்பது வருஷம் ஆகிறது.

இன்றைக்குத் தலைமையகத்துச் சர்வர் படுத்துவிட்டது. பத்து மணியிலிருந்தே. அது என் குற்றம் இல்லை, லாகில் அத்தாட்சி இருக்கிறது. தலைமையகத்துக்குப் போகிற கடிதமெல்லாம் வரிசையில் தேங்கி, புராசஸ்கள் மறுபடி மறுபடி போய்த் தட்டி, மற்ற கடிதங்களும் தாமதமாக ஆரம்பித்தன, பயிர் நோயியல் துறையின் டாக்டர் ரெஜினால்டு போன் செய்து “சம்பந்தம், டெல்லிக்கு அனுப்பின மெயில் இன்னும் போகலையே, என்னதான் பண்றீங்க அங்க உக்காந்து?” என்றார். என்ன பண்ணுகிறேன் என்று பத்தொன்பது வருஷமாகக் கேட்கிறார்கள், நின்றால் மட்டும்தான் நான் ஒருவன் இருப்பது ஞாபகம் வருகிறது. பத்தரைக்குத் தலைமையகத்துக் கடிதங்களை எல்லாம் எடுத்து ஹோல்டில் போட்டேன். அது முறையான வேலைதான். ஹோல்டில் போட்டால் எந்தப் புராசஸும் அதைத் தொடாது, ஒரு மனுஷன் கையால் விடுவித்தால்தான் நகரும். முப்பத்தேழு கடிதம். பதினொன்று ஐந்துக்குச் சென்னையிலிருந்து முர்சலீன் கூப்பிட்டார். அங்கே என்னைப் போலவே ஒருவர் அவர், நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம். “சரியாயிடுச்சு சார், டிஸ்க் நிரம்பிருச்சு, வேற ஒண்ணுமில்ல. நீங்க விட்டுருங்க” என்றார். விட்டேன். ஒரே கட்டளையில் முப்பத்தேழையும் விடலாம், எப்போதும் அப்படித்தான் செய்வேன், இன்றைக்கு ஒவ்வொன்றின் எண்ணையும் தட்டச்சு செய்து ஒவ்வொன்றாக விட்டேன், ஒன்று, இரண்டு, மூன்று, ஏன் இப்படிச் செய்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளாமல், கை பாட்டுக்கு அடித்துக்கொண்டே போனது, முப்பத்தாறு. அப்புறம் டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. திரையில் ஒன்று மட்டும் நின்றது.

நான் திறந்து பார்க்கவில்லை. திறக்கலாம், எனக்கு எல்லா உரிமையும் இருக்கிறது, ஒரு வரி அடித்தால் படிவம் முழுக்கத் தெரியும், எந்த ஊர், என்ன காரணம், காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும் அந்தப் படிவத்தில். திறக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒருவருடைய கடிதத்தையும் திறந்ததில்லை, இயக்குநர் கேட்டபோதுகூட எழுத்தில் கொடுங்கள் சார் என்றவன் நான். உறை மட்டும்தான் என் வேலை, யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு பெரியது. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டுதான் ஆறு வருஷம் முன்னால் அவளிடம் பேசினேன். பாளையங்கோட்டையில் ஒரு பேராசிரியர், அவரும் கோதையும் சேர்ந்து ஏதோ கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள், உப்பு மண்ணைப் பற்றி. லாகில் அந்த ஆளின் பெயர் வந்துகொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் ஆய்வுக்கூடத்துத் தோழி விஜயராணி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள், மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே, விளையாட்டாகத்தான், விளையாட்டு மாதிரிதான், “இந்த மாசம் பதினேழு மெயில் போயிருக்கே அவருக்கு” என்றேன். விஜயராணி தட்டைப் பார்த்தாள். கோதை என்னைப் பார்த்தாள். “எண்ணினீங்களா?” என்றாள். “நான் எதையும் படிக்கல” என்றேன். “எண்ணினீங்களா?” என்றாள் மறுபடி, அதே குரலில். எண்ணினேன். என்ன சொல்வது. அந்தக் கட்டுரை வெளிவந்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவள் அலுவலக முகவரியிலிருந்து ஒரு கடிதம் அனுப்பியதில்லை, எல்லாம் சொந்த போனில், சொந்த முகவரியில், ஆய்வறிக்கை அனுப்ப வேண்டியிருந்தால் விஜயராணியின் கணக்கிலிருந்து போகும். ஆறு வருஷம் லாகில் அந்தப் பெயர் இல்லை. இன்றைக்கு வந்திருக்கிறது. அலுவலக முகவரியிலிருந்துதான் அனுப்ப வேண்டும் என்று விதி இருக்குமோ என்று சுற்றறிக்கையைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் தேடிப் பார்த்தேன். இல்லை, எந்த முகவரியிலிருந்தும் அனுப்பலாம் என்றே போட்டிருக்கிறது. போனில் டேட்டா தீர்ந்திருக்கும். ஸ்கேன் மெஷின் ஆய்வுக்கூடத்துக் கம்ப்யூட்டரோடு சேர்ந்தது, அங்கிருந்தே அனுப்புவது சுலபம். அவசரம், கடைசி நாள். ஆமாம், அவசரம்தான்.

ஒரு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். கதவைத் தட்டிவிட்டு வருகிறவர்கள் இந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. கோதை நின்றாள். கையில் என் மோர் பாட்டில். “வண்டி டிக்கியிலயே விட்டுட்டு வந்துட்டீங்க” என்றாள். இந்த அறைக்கு அவள் வந்து எத்தனை வருஷமாகிறது, மதியம் அவள் ஆய்வுக்கூடத்துப் பெண்களோடு சாப்பிடுவாள், நான் இங்கே, யுபிஎஸ் பாட்டரிக்குப் பக்கத்தில், அந்தப் புளித்த வாசனையில், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு. திரை அவள் பக்கம் திரும்பியிருக்கவில்லை, இருந்தாலும் கை தானாகப் போய் விண்டோவைச் சுருக்கியது. அவள் உள்ளே வந்து ராக்கில் மினுங்குகிற பச்சை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே நாற்பது டிகிரி, அவள் நெற்றியில் வேர்வை, இங்கே அது காய்வதைப் பார்த்தேன். “இன்னிக்கி மெயில் எல்லாம் ஒழுங்காப் போகுதா?” என்று கேட்டாள். “தலைமையகத்துல சர்வர் படுத்துருச்சு, பாத்துட்டிருக்காங்க” என்றேன். சரியாகி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. “ஓ” என்றாள். நின்றாள். “காலையிலேருந்தா?” “ஆமா.” “வேற ஒண்ணுமில்லையா?” “வேற என்ன?” “இல்ல, சும்மா கேட்டேன்.” மோர் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, அது சாயாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, கதவு வரைக்கும் போனாள், திரும்பினாள், “சாப்பிடுங்க” என்றாள். கதவு மூடியதும் சுருக்கிய விண்டோவை மறுபடி விரித்தேன். சந்தேகப்பட்டுத்தான் வந்திருக்கிறாள், வேவு பார்க்க வந்திருக்கிறாள், மோர் ஒரு சாக்கு, என்று நினைத்தேன். வேவு பார்க்கிறவனுக்கு வேறு என்ன தோன்றும்.

இரண்டு மணி. இரண்டேகால். மற்ற கடிதங்கள் வருகின்றன, போகின்றன, புராசஸ்கள் பிறக்கின்றன, முடிகின்றன, நினைவகம் அறுபத்தெட்டு சதவீதம், எல்லாம் சரி, எதிலும் என் கை தேவையில்லை, தேவைப்படுகிற ஒன்றே ஒன்றைத் தவிர. நான் தடுக்கவில்லை, தாமதப்படுத்துகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். நான்கு மணி தாண்டியதும் விட்டுவிடலாம். போய்ச் சேரும், தாமதமாகச் சேரும், தலைமையகச் சர்வர் படுத்தது எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் நானே சொல்லிவிட்டேன், பாவம், உன் துரதிர்ஷ்டம், அடுத்த வருஷம் பார்க்கலாம். அடுத்த வருஷமும் நான்தான் இந்த நாற்காலியில். அவள் போய்விட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது, அதுதான் பயம். காலையில் ஸ்கூட்டரில் பின்சீட்டு காலியாக இருக்கும். இட்லி மாவு வாங்கிக்கொள்ளலாம். கேஸ் புக் செய்யச் சொல்ல ஆள் இருக்காது. மதுரையிலிருந்து அம்மா போன் செய்து “ஏன்டா தனியாப் போனா?” என்பாள், அதற்கு ஒரு பதில் வேண்டும், புரமோஷன் என்று சொல்லலாம். தேவாலாவா, கோவில்பட்டியா. கோவில்பட்டி என்றால் அவள் அக்கா வீடு சாத்தூரில், அது ஒரு காரணம், யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். தேவாலா என்றால் அங்கே ஒருவரையும் தெரியாது, அங்கே போவதற்கு ஒரே காரணம் இங்கே இருக்கக் கூடாது என்பதுதான். திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். திறக்க மாட்டேன். திறக்காமல் இருப்பதில் எனக்கு என்ன மரியாதை மிஞ்சியிருக்கிறது, கடிதத்தைக் கழுத்தைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொண்டு உள்ளே பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்வதில். மூன்று மணிக்கு எழுந்து ஆய்வுக்கூடம் வரைக்கும் நடந்தால் என்ன என்று தோன்றியது. நாற்பது எட்டு வைத்தால் போய்விடலாம். போய் என்ன கேட்பது. ஏன் போறே. அந்த இரண்டு வார்த்தையையும் வாய்க்குள் வைத்துச் சொல்லிப் பார்த்தேன், சத்தமில்லாமல், சர்வர் விசிறியின் இரைச்சலில் சொன்னாலும் கேட்டிருக்காது. அவள் பதில் சொல்லிவிட்டால்? அன்றைக்கு இரண்டு மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டுவிட்டால்? கேட்கவே மாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் ஒன்பது வருஷம் ஓடியது. கதவு வரைக்கும் போனேன். கைப்பிடி ஏசியில் சில்லென்று இருந்தது. யுபிஎஸ் ஒரு தடவை கத்தியது, மின்சாரம் போய் வந்திருக்கிறது, திரும்பி வந்து அதைப் பார்த்தேன், பாட்டரி நன்றாக இருந்தது, பார்க்கத் தேவையே இல்லை, பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று முப்பத்தைந்துக்கு முர்சலீன் கூப்பிட்டார். “சார், உங்க பக்கம் எதாச்சும் நிக்குதா? இடமாறுதல் பிரிவுலேருந்து கேக்கறாங்க. உங்க ஆபீஸ்லேருந்து ஒரு மேடம் போன் பண்ணினாங்களாம், காலையில அனுப்பின விண்ணப்பம் வந்துச்சான்னு. இங்க வரலை. நான் என் லாக்ல தேடிட்டேன், இந்தப் பக்கம் வந்து தட்டவே இல்ல.” “பாக்கறேன்” என்றேன். “எல்லாத்தையும் விட்டீங்கதானே சார், பதினோரு மணிக்கு?” என்றார் அவர், குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, தொழில் தெரிந்தவர் கேட்கிற சாதாரணக் கேள்வி. அது போதுமாயிருந்தது. என் லாகில் எழுதியிருக்கும், எத்தனை மணிக்கு எந்தக் கடிதத்தை யார் விட்டது என்று, முப்பத்தாறு வரி, என் பெயர் முப்பத்தாறு தடவை, ஒவ்வொன்றாக. யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டியவனும் நான்தான். “ஒண்ணு விட்டுப்போயிருக்கு முர்சலீன், இப்ப அனுப்பறேன்” என்றேன். எண்ணை அடித்தேன். புராசஸ் ஒன்று பிறந்து, கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், சென்னையில் தட்டியது, திறந்தது, வாங்கிக்கொண்டது. மூன்று முப்பத்தெட்டு. இரண்டு வினாடிகூட ஆகவில்லை. மனசு மாறிக் கடிதத்தை விட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. பயந்துதான் விட்டேன்.

ஐந்தரைக்கு வண்டி நிறுத்துமிடத்தில் அவள் எனக்கு முன்னாலேயே வந்து நின்றாள். ஷெட்டின் தகரம் இன்னும் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்வரை காத்திருந்தாள். நான் சாவியை எடுத்தேன்.

“போய்ச் சேந்துருச்சாம்” என்றாள். “மூணு முப்பத்தெட்டுக்கு.”

“தலைமையகத்துல சர்வர்...” என்று ஆரம்பித்தேன்.

“விஜயராணி பதினொன்றரைக்கு அதே ஆபீசுக்கு ஒரு மெயில் போட்டா. உடனே போயிருச்சு.” கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். “நீங்க பாப்பீங்கன்னு தெரிஞ்சுதான் ஆபீஸ் மெயில்லேருந்து அனுப்பினேன். நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. மூணு வாரமா சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன். சரி, அவருக்கு லாக்ல தெரியட்டும், தெரிஞ்சா எழுந்து வந்து கேப்பாருன்னு நெனச்சேன்.”

சாவி கையில் இருந்தது. எதிரே யாரோ ஒருவர் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார், எங்களைப் பார்க்காமல் இருக்கவே அவ்வளவு நேரம் துடைத்தார் என்று இப்போது தோன்றுகிறது.

“மத்தியானம் நானே வந்தேன்” என்றாள். “அப்பவாவது கேப்பீங்கன்னு.”

“கேட்டிருந்தா?”

அவள் தகரத்தை அண்ணாந்து பார்த்தாள். கழுத்தில் வேர்வைக்குத் தாலிக்கயிறு ஒட்டியிருந்தது, அதை விரலால் எடுத்துவிட்டாள். “நாலு மணி வரைக்கும் வாபஸ் வாங்கலாம்னு அந்தச் சுற்றறிக்கையிலயே போட்டிருந்துச்சு. நீங்கதான அனுப்பினீங்க. படிக்கலையா?”

உறை மட்டும்தான் என்று சொல்ல வந்து, நிறுத்திக்கொண்டேன். வண்டியை எடுத்தேன். பின்னால் ஏறி உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டாள், கை பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டது, எப்போதிருந்து அதைப் பிடிக்க ஆரம்பித்தாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டைத் தாண்டினோம். ஏன் போறே என்று கேட்க இன்னும் எட்டு கிலோமீட்டர் இருந்தது. அரசு பஸ் ஒன்று உரசிக்கொண்டு போனது, கரும்பு லாரி போனது, இடது பக்கம் பெட்ரோல் பங்க் வந்தது, போனது. பால்பண்ணை சிக்னலில் சிவப்பு விழுந்தது, தொண்ணூறு வினாடி, எண்பத்தொன்பது, எண்பத்தெட்டு. நான் தலையைப் பாதி திருப்பினேன்.

“எந்த ஊரு?”

“தேவாலா.”

முன்னால் நின்ற ஆட்டோவின் புகை முகத்தில் அடித்தது. எழுபது வினாடி இருந்தது. கேட்க வேண்டிய இரண்டு வார்த்தையும் தொண்டை வரைக்கும் வந்து நின்றது, அவள் காத்திருந்தாள், அவள் காத்திருக்கிறாள் என்பது என் முதுகுக்குத் தெரிந்தது.

“அங்க மழை ஜாஸ்தின்னு சொல்வாங்க” என்றேன்.

சிக்னலில் ஐம்பது, நாற்பத்தொன்பது. அப்புறம் “ஆமா” என்றாள்.